முடிவு தெரிந்த சிண்ட்ரெல்லா கதையை ரோபோ எல்லாம் சேர்த்து எழுதினால், அதை எதற்குப் படிக்க வேண்டும்?

நீங்கள் கேட்கிற விதத்திலேயே தெரிகிறது, யாரோ உங்கள் கையில் மரிஸ்ஸா மேயரின் 'சிண்டர்' நாவலைத் திணித்திருக்கிறார்கள், நீங்கள் அட்டையைப் பார்த்தே உதட்டைப் பிதுக்கியிருக்கிறீர்கள். என் நாத்தனாரும் அப்படித்தான். "பையன் பத்தாவது போயிட்டான், இன்னும் சிண்ட்ரெல்லாவா அண்ணி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. உட்காரவைத்துக் கதை சொன்னேன்.

ஊர், எதிர்காலத்து நியூ பெய்ஜிங். சிண்டர் சந்தையில் கடை போட்டிருக்கும் மெக்கானிக். அவள் உடம்பில் 36 சதவீதத்துக்கு மேல் இயந்திரம். சின்ன வயதில் பொருத்திய இரும்புப் பாதம் இப்போது அளவு பத்தவில்லை, துருப்பிடித்த ஸ்க்ரூவைக் கழற்றி அதை எடுத்துவிடுகிறாள், அந்த நேரம் பார்த்து இளவரசன் பழுதான ஆண்ட்ராய்டு ரோபோவைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். சம்பாதிப்பது அவள், காசு போவது சித்திக்கு, ஏனென்றால் அந்த நாட்டுச் சட்டப்படி சைபார்க், அதாவது இவளைப் போல உடம்பில் இயந்திரம் பொருத்திய மனிதர், என்றால் காப்பாளரின் உடைமை. புதுப் பாதத்தையும் சித்தி பிடுங்கிக்கொள்ள, பழைய குட்டிப் பாதத்தை மாட்டிக்கொண்டு, கிரீஸ் கறை படிந்த கையுறையோடு அரண்மனை விருந்துக்குப் போகிறாள். படிக்கட்டில் ஓடும்போது...

"செருப்பு விழலையா, காலே விழுதா?" என்றாள் நாத்தனார். அதைத்தான் சொல்ல வந்தேன். முடிவு தெரிந்ததால்தான் அந்த இடம் அப்படித் தைக்கிறது.

உடனே இலக்கியம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், இது பெரிய காவியம் என்று நான் சொல்லவில்லை. சிண்டர் உண்மையில் யார் என்பதைப் பாதிப் புத்தகத்துக்கு முன்பே யாரும் ஊகித்துவிடலாம். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை, உங்களுக்குப் படலாம்.

இன்னொன்று, ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். 'சிண்டர்' நான்கு நாவல் கொண்ட தொடரின் முதல் நூல், கடைசி நூல் 'வின்டர்' 800 பக்கத்துக்கு மேல், எனக்கு வந்தது திருட்டுப் பதிப்பு, நடுவில் வந்த பக்கங்களே மறுபடி வருகின்றன, புகார் செய்தால் "திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது மேடம்" என்கிறார்கள். 800 பக்கப் புத்தகத்தில் நடுப்பக்கத்துக்கு ஒரு வாரத்துக்குள் யார் போவார்கள்?

சரி, வரிசை: 'சிண்டர்' (2012), 'ஸ்கார்லெட்', 'க்ரெஸ்', 'வின்டர்' (2015). கதையின் வில்லி, நிலாவை ஆளும் ராணி லெவானாவின் முன்கதையான 'ஃபேரஸ்ட்' வேண்டுமானால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.