‘கே’ இருந்தால் மட்டும் போதாது

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஓவர்கிளாக்கிங் பற்றியவை. அதாவது, பிராசஸரை அதன் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்துக்கு மேல் ஓட்டுவது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். திட்டுகளைச் சுருக்கவில்லை.

கே: ஐ5 13600கே பிராசஸரும் பி760 மதர்போர்டும் வாங்கினேன். பயாஸில் (கணினி எழும்போதே திறக்கக்கூடிய அமைப்புத் திரை) மல்டிப்ளையரை, அதாவது அடிப்படை வேகத்தை எத்தனையால் பெருக்குவது என்ற எண்ணை, ஏற்ற வழியே இல்லை. ‘கே என்று இருந்தால் ஓவர்கிளாக் ஆகும்’ என்று சொல்லித்தான் விற்றார்கள்.

ப: சொன்னது பாதி உண்மை. ஆளை ஏமாற்ற அந்தப் பாதியே போதும். இன்டெலில் பிராசஸர் பெயரின் கடைசியில், மல்டிப்ளையர் பூட்டில்லாதது என்று காட்டும் ‘கே’ (K) எழுத்து இருப்பதோடு, மதர்போர்டின் சிப்செட் (பலகையை நிர்வகிக்கும் சில்லு) ‘இசட்’ (Z) வரிசையில் இருக்க வேண்டும்: இசட்690, இசட்790 மாதிரி. பி760 பலகையில் ராம் வேகத்தை ஏற்றலாம், பிராசஸரை ஏற்ற முடியாது. ஓவர்கிளாக் செய்யத்தான் வாங்குகிறேன் என்று நீங்கள் சொல்லி, அவர்களே இந்த ஜோடியைப் பரிந்துரைத்ததற்கு எழுத்தில் ஏதாவது இருந்தால், பலகையை மாற்றித் தரச் சொல்லி விடாமல் கேளுங்கள். நியாயம் உங்கள் பக்கம். ஏஎம்டி வாங்குகிறவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. ரைசன்களில் பெரும்பாலானவை பூட்டில்லாதவை. ஆனால் ஏ520, ஏ620 பலகைகள் பிராசஸரை ஏற்ற விடாது. பி550, பி650 விடும்.

கே: ரைசன் 5800எக்ஸ்3டி வாங்கிவிட்டேன். எவ்வளவு வேகம் வரை ஏற்றலாம்?

ப: ஏற்ற முடியாது. அதன் மல்டிப்ளையர் பூட்டியது. வாங்கும் முன் கேட்டிருந்தாலும் இதே பதில்தான்.

கே: முதல் முறை செய்யப் போகிறேன். எதையும் எரித்துவிடாமல் எப்படி ஆரம்பிப்பது?

ப: முதலில் எதையும் தொடாமல் ஒரு நாள் ஓட்டி, ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளில் வெப்பத்தைக் குறித்து வையுங்கள். சும்மா இருக்கும்போதே சூடேறும் பிராசஸரை ஏற்றாதீர்கள். அப்புறம் மல்டிப்ளையரை ஒரே ஒரு படி உயர்த்துங்கள். அடிப்படை வேகம் 100 மெகாஹெர்ட்ஸ், அதனால் 50 என்பதை 51 ஆக்கினால் 5.0 கிகாஹெர்ட்ஸ் 5.1 ஆகும். பிறகு ஓசிசிடி அல்லது பிரைம்95 என்ற சோதனை மென்பொருளை வைத்து அரை மணி நேரம் வாட்டி எடுங்கள். தாங்கினால் அடுத்த படி. தாங்காமல் விழுந்தால் ஒரு படி இறங்கி அங்கேயே நில்லுங்கள்.

வோல்டேஜில்தான் ஆபத்து. மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்துக்கு (அதை அதனாலேயே பெருக்கிய அளவுக்கு) ஏற்பக் கூடும். 1.20 வோல்ட்டை 1.32 ஆக்கினால் பத்து சதவீத உயர்வுதானே என்று தோன்றும். வெப்பமோ 21 சதவீதம் கூடும், வேகம் ஏறியதன் கணக்கு அது போக. முழுச் சுமையில் 90 டிகிரியைத் தொட்டால் நிறுத்திவிடுங்கள். கணினி எழவே இல்லை என்றால் பதறாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்து, பலகையில் இருக்கும் காசு வடிவ பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தால் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்றைய பிராசஸர்கள் தாமாகவே எல்லைக்குப் பக்கத்தில் ஓடுகின்றன. மிஞ்சிப்போனால் சில சதவீதம்தான் கிடைக்கும்.

கே: ஓவர்கிளாக் செய்தபின், கேம் ஆடும்போது கணினி பட்டென்று அணைந்துவிடுகிறது. பவர் சப்ளை 600 வாட்ஸ், புதிது. பிராசஸர் போய்விட்டதா?

ப: நீலத் திரை வந்திருந்தால் பிராசஸரையும் ராமையும் சந்தேகப்படலாம். சொல்லாமல் கொள்ளாமல் அணைகிறது என்றால் என் சந்தேகம் முதலில் அந்த ‘600’ மேல்தான்.

இதில் எனக்குப் பழைய வஞ்சம் உண்டு. விலை மலிவு என்று நானும் ஒரு 600 வாட்ஸ் பவர் சப்ளை வாங்கினேன். கையில் எடுத்தபோதே காலி டப்பா மாதிரி எடை இல்லாமல் இருந்தது, அப்போதும் புத்தி வரவில்லை. மூன்றாம் மாதம் ‘டப்’ என்று ஒரு சத்தம், கருகல் நாற்றம், கூடவே என் மதர்போர்டும் போனது. அப்புறம்தான் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படித்தேன். 12 வோல்ட் என்ற கட்டத்தில் 22 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள்: 264 வாட்ஸ்! பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட் மின்சாரத்தைத்தான். மீதி வாட்ஸ் எல்லாம் அவ்வளவாக வேலை இல்லாத 3.3, 5 வோல்ட் கம்பிகளின் கணக்கிலும், அட்டைப்பெட்டியின் கற்பனையிலும் இருந்தன. நல்ல பவர் சப்ளையில் 12 வோல்ட் மட்டுமே கிட்டத்தட்ட முழு வாட்ஸையும் தரும். ‘80 பிளஸ்’ முத்திரை இருக்கிறதே என்பார்கள். அது எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதற்கான சான்று. வெடிக்காது என்பதற்கு அல்ல. அட்டைப்பெட்டி மேல் இருக்கும் டிராகன் படத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் அந்தச் சின்ன ஸ்டிக்கரை ஒரு நிமிடம் படிக்கக் கூடாதா?

வேகத்தைப் பழைய நிலைக்கு இறக்கிவிட்டு, ஸ்டிக்கரைப் படித்துப் பெருக்கிப் பாருங்கள்.

கே: ஐ9 14900கே. எதையும் ஏற்றவில்லை. கேம்கள் நடுவில் விழுகின்றன. ‘நீதான் ஓவர்கிளாக் செய்து கெடுத்திருப்பாய்’ என்கிறார்கள் கடையில்.

ப: உங்கள் மேல் தப்பில்லை என்றே நினைக்கிறேன். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் இந்தக் கோளாறு இருப்பதை 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டது. பிராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னைத்தானே தேய்த்துக்கொண்டது. திருத்தம் பயாஸ் அப்டேட்டாக வந்தது, ஆனால் தேய்ந்துபோனதை அது சரிசெய்யாது. பாதிக்கப்பட்ட பிராசஸர்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியிருக்கிறார்கள். விற்றவரோடு மல்லுக்கட்டாமல் பில்லோடு நேரே இன்டெலிடம் போங்கள். முழுக் கணினியாக வாங்கியிருந்தால் அதைத் தயாரித்தவரிடம்.

கே: ஓவர்கிளாக் செய்து பிராசஸர் போய்விட்டது. சொல்லாமல் வாரண்டி கேட்கலாமா?

ப: கூடாது. அடுத்த கடிதம்.

கே: பிராசஸருக்குப் புது கூலர் மாட்டினேன். ஐந்தே நிமிடத்தில் 100 டிகிரி. கூலர் போலியா?

ப: கழற்றி அடியைப் பாருங்கள். ‘மாட்டும் முன் அகற்றவும்’ என்று அச்சடித்த பிளாஸ்டிக் தாள் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். உரித்துவிட்டு, பழைய தெர்மல் பேஸ்ட்டை (பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பசை) துடைத்து, புதிதாக வைத்து மாட்டுங்கள். தாள் இல்லையென்றால் மறுபடி எழுதுங்கள், மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.