புரோக்கன் ஹில்லில் போனும் அறைக் கடிகாரமும் அரை மணி வேறுபடுவது பற்றி

போனும் அறைக் கடிகாரமும் அரை மணி வேறுபடுகின்றன, அஸ்தமனம் பார்க்கப் போக எதை நம்புவது என்று கேட்டீர்கள். அறைக் கடிகாரத்தையே நம்புங்கள். புரோக்கன் ஹில் இருப்பது நியூ சவுத் வேல்ஸில்தான், ஆனால் ஊர் ஓடுவது தெற்கு ஆஸ்திரேலிய நேரத்தில். சிட்னியைவிட அரை மணி பின்னால். நீங்கள் போகவிருக்கும் பக்கத்து ஊரான சில்வர்டனும் அப்படியே.

காரணம் ரயில். ஊர்ச் சுரங்கங்களின் வெள்ளியும் ஈயமும் 1888 முதலே ரயிலில் தெற்கு ஆஸ்திரேலியா பக்கம்தான் போயின. சிட்னிக்கு நேர் ரயில் பாதை முழுமையானது 1927இல். அதற்குள் ஊரின் வியாபாரம், பழக்கம் எல்லாம் தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டோடு ஒட்டிவிட்டது.

உங்கள் போனில் நேர மண்டலம் ‘சிட்னி’ என்று நிலையாக வைக்கப்பட்டிருக்கலாம். அமைப்புகளில் போய்ப் பாருங்கள். தானாக மாறாவிட்டால் ‘அடிலெய்டு’ என்று நீங்களே வையுங்கள். இதைக் கட்டாயம் செய்யுங்கள், ஏனென்றால் போன் சிட்னி நேரத்தில் சூரிய அஸ்தமனம் 7:30 என்று காட்டினால், அங்கே அது 7 மணி. அறைக் கடிகாரத்தில் 7:30க்கு, சில்வர்டனுக்கு அருகே சமவெளியைப் பார்த்தபடி இருக்கும் மண்டி மண்டி காட்சிமுனைக்குப் போய் நின்றால் சூரியன் இருக்காது. அந்தச் சமவெளியில் வெளிச்சம் மெல்லச் சிவந்து மாறுவதை முழுதாகப் பார்க்க வேண்டும், முன்கூட்டியே போய்விடுங்கள்.

மறுநாள் மெனிண்டி, வில்கேனியா ஊர்களுக்குப் போனால் மறுபடி சிட்னி நேரம். அங்கே பெட்ரோல் நிலையம் மூடும் நேரத்தை அதன்படி கணக்கிடுங்கள்.

அப்புறம், அஸ்தமனம் முடிந்து திரும்பும்போது கங்காருக்கள் சாலையில் குறுக்கே பாயும். மெதுவாக ஓட்டுங்கள்.