மான் மட்டும் நிற்கும் கவிதை

அன்புள்ள ஐயா,

நெடுங்காலம் எழுதாமல் இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள். புதிய தொகுப்பை இரண்டு முறை வாசித்தேன். காற்று, நண்டு, கரைவலை, மான். பழைய கவிதைகளின் துயரம் எங்கே போயிற்று? திருகோணமலைக் கோட்டை மான்களைப் பற்றிய கவிதை, அந்த மண்ணில் நடந்த எதையும் சொல்லாமலே நின்றுவிடுகிறது. இது ஒதுங்கிப்போவது ஆகாதா?

வாசகி ஒருவர், கிண்ணியா

அன்புள்ள சகோதரிக்கு,

இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன்.

இளமையில் ஒரு காதல் கவிதையில் ‘கடலே, என்னை எடுத்துக்கொள்’ என்று எழுதினேன். பலருக்கும் பிடித்த வரி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு அதை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. கிண்ணியாவில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கடல் உண்மையாகவே எடுத்துக்கொண்டவர்களின் படலையைக் கடந்து நடக்கும்போதெல்லாம் அந்த வரி என்னைச் சுட்டது. எழுதுவதை நிறுத்தினேன்.

மறுபடி எழுதவைத்தது உப்புவெளிக் கரையில் ஒரு காலை. கரைவலை இழுத்துக்கொண்டிருந்த முதியவர், “நீர் கடலைப் பற்றி எழுதுகிறவராமே, இது என்ன காற்று?” என்றார். எனக்குத் தெரியவில்லை. கச்சான் என்று அவரே சொன்னார். தரையிலிருந்து வருவதால் மணல் முதுகில் அடிக்கும்; கடலோ குளம்போலக் கிடக்கும். மார்கழி வாடையில் இதே கரையில் தோணி இறக்குவது பெரும்பாடு. அன்றிலிருந்துதான் பார்க்கத் தொடங்கினேன். நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம், என்று படித்திருக்கிறோம். உப்புவெளியில் பொழுது கடலில் விழுவதில்லை. நமக்குப் பின்னால், பனைகளுக்குள் இறங்குகிறது. தண்ணீரின் நிறம் மாறுவதைக் கண்டுதான் பொழுதுபட்டதை அறிகிறோம். அத்தனை கடல் கவிதைகளில் ஒன்றில்கூட நான் இதை எழுதியிருக்கவில்லை.

மானுக்கு வருகிறேன். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு 1624இல் எழுப்பிய கோட்டை அது. என் முதல் பிரதியில் அந்தக் கற்கள் இருந்தன, பிற்காலத்துச் சோதனைச்சாவடிகளும் இருந்தன. வாசிக்க வாசிக்க மான் மறைந்து, நான் மட்டுமே தெரிந்தேன். பாதையோரம் ஒரு வாழைப்பழத் தோலுக்காகக் கழுத்தை நீட்டி நின்ற அந்தப் புள்ளிமானையும், முன்பு கடலைச் செய்ததுபோல, என் துக்கத்துக்கு உவமையாக்கிவிட்டிருந்தேன். பதினொரு வரிகளை வெட்டினேன்.

வெட்டியவற்றை எறிந்துவிடவில்லை. கற்களைப் பற்றித் தனியாக ஒரு நீள்கவிதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் தேடும் துயரம் அதில் வரும். முடிந்ததும் உங்களுக்கு அனுப்புகிறேன். உங்கள் கரையில் கச்சானுக்கு வேறு பெயர் ஏதும் வழங்கினால் எழுதுங்கள்.

அன்புடன்