சீட்டுக் காசு வைப்புக்கா, வீட்டுக்கடனுக்கா?

வீட்டுக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. கணவர் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வரும் வெளிநாட்டுக்காரருக்கு வான் ஓடுகிறார். திருகோணமலை உவர்மலையில் வங்கிக் கடனில் வீடு. இன்னும் 24 இலட்சம் இருக்கிறது. 12 வீத நிலையான வட்டி, மாதம் 31,500 ரூபாய்ப்படி 12 வருடம் கட்ட வேண்டும். என் கைக்கு 70,000 வருகிறது. அவருக்கு சீசனில் டீசல் போக 75,000 மிஞ்சும்; மாரி தொடங்கினால் 35,000 வந்தாலே பெரிய விஷயம். சாப்பாடு 42,000, பிள்ளைகள் இருவருக்கும் ரியூசன் 12,000, கரண்ட் 7,000, போனும் டேட்டாவும் 5,500, ஸ்கூட்டிப் பெற்றோல் 5,000, சீட்டு 5,000. இந்த மாதம் சீட்டின் கடைசிக் கை எங்களுக்கு, 2 இலட்சம் வந்திருக்கிறது. நிலையான வைப்பில் போடுவோம் என்கிறார் கணவர். கடனில் கட்டுவோம் என்கிறேன் நான். மாமிக்கு குசினிக்கு டைல்ஸ் பதிக்க வேண்டுமாம். யார் சொல்வது சரி? மாதச் செலவில் எங்கே குறைக்கலாம்?
— உவர்மலை வாசகி

பதில்: மாமியின் டைல்ஸை முதலில் முடித்துவிடுகிறேன்: இந்த வருடம் வேண்டாம். மாமியிடம் இதைச் சொல்லும் வேலை உங்களுடையதல்ல, அவருடைய மகனுடையது.

இனி உங்கள் இருவருக்கும் இடையிலுள்ள வழக்கு. வங்கி வைப்புக்கு 8 வீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 இலட்சத்துக்கு வருடம் 8,000 வரும். 2025 ஏப்ரலில் இருந்து அந்த வட்டியில் 10 வீதத்தை வரியாகப் பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர்கள் சுயபிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். உங்கள் பெயரில் போட்டால் அதைச் செய்யலாம். சரி, முழு 8,000மும் உங்களுக்கே என்று எடுங்கள். அதே 1 இலட்சத்துக்கு நீங்கள் வங்கிக்குக் கட்டும் வட்டி 12,000. ஒரு கவுண்டரில் 8,000 வாங்கி, பக்கத்துக் கவுண்டரில் 12,000 கொடுப்பதில் என்ன மிச்சம்? கணக்கு உங்கள் பக்கம்தான், தங்கச்சி.

ஆனாலும் 2 இலட்சத்தையும் கொண்டுபோய்க் கட்டிவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் எங்கே தேடியும் அவசரத்துக்கென்று ஒதுக்கிய காசு தெரியவில்லை. மாரி நடுவில் வானுக்கு கிளட்ச் போனால் என்ன செய்வீர்கள்? காப்பு அடைவுக்குப் போகும், இல்லாவிட்டால் கடனட்டை வெளியே வரும். கடனட்டை வட்டி வீட்டுக்கடனின் இரண்டு மடங்குக்கும் மேல். வங்கியில் கடன் மேசையில் இருந்த காலத்தில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்: ஆசையோடு வந்து பெரிய தொகையைக் கட்டுவார்கள், மூன்றாம் மாதம் அதே ஆள் அடைவுப் பிரிவு வரிசையில் நிற்பார். ஆகவே 1 இலட்சத்தைச் சேமிப்புக் கணக்கில் தனியாக வையுங்கள், அந்தக் கணக்குக்கு அட்டை எடுக்க வேண்டாம். மற்ற 1 இலட்சம் கடனுக்கு.

அந்த 1 இலட்சம் என்ன செய்யும் தெரியுமா? இந்த மாதம் நீங்கள் கட்டும் 31,500இல் 24,000 வட்டிக்கே போகிறது. கடனின் முதலில், அதாவது வாங்கிய தொகையில், குறைவது 7,500 மட்டில்தான். தனியாகக் கட்டும் 1 இலட்சமோ முழுவதும் முதலில் கழிகிறது. அதனால் ஏறக்குறைய 12 தவணைகள் கடைசியில் இல்லாமல் போகும். இன்று 1 இலட்சம் கொடுத்து, பின்னால் கட்டவேண்டிய சுமார் 3 இலட்சத்து 95 ஆயிரத்தை நிறுத்துகிறீர்கள். கடன் முடியும் தறுவாயில் இதே 1 இலட்சத்தைக் கட்டினால் இந்தப் பலன் கிடைக்காது, ஏனென்றால் மிச்சம் பிடிக்க அப்போது வட்டியே பெரிதாக இராது.

இங்கேதான் கவனம் வேண்டும். காசைக் கட்டும்போது கவுண்டரில், ‘தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா?’ என்று கேட்பார்கள். சில இடங்களில் கேட்கவும் மாட்டார்கள். காசு அடுத்த தவணைகளுக்கு முற்பணமாகக் கணக்கில் சும்மா நிற்கும். தவணையைக் குறைத்தால் மாதம் 1,300 ரூபாய் இலேசாகும், கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 12 வருடத்தில் மிச்சமாகும் வட்டி 90,000 மட்டில்தான். காலத்தைக் குறைத்தால் மிச்சமாகும் வட்டி 2 இலட்சத்து 95 ஆயிரம் வரை. அதனால் முகாமையாளருக்கு எழுத்தில் கொடுங்கள்: ‘இத்தொகையைக் கடனின் முதலில் கழித்து, மாதத் தவணையை மாற்றாமல் கடன் காலத்தைக் குறைத்துத் தரவும்.’ கடிதத்தின் பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கள். புதிய தவணை அட்டவணையையும் கையோடு கேளுங்கள். போகுமுன் கடன் வழங்கியபோது தந்த கடிதத்தை எடுத்து, பகுதியாக முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா, ஆகக்குறைந்த தொகை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இது வங்கிக்கு வங்கி வேறுபடும்.

மாதச் செலவுக்கு வருவோம். உங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த வரி சீட்டு 5,000. அது முடிந்துவிட்டது! இவ்வளவு காலம் அந்த 5,000 இல்லாமல் வீடு நடந்திருக்கிறது. அது திரும்பி வந்த செய்தி வீட்டுக்குத் தெரியவே வேண்டாம். சம்பளம் விழும் அன்றே கடன் கணக்குக்குப் போகட்டும். வங்கி சின்னத் தொகையாக எடுக்காவிட்டால் தனிக் கணக்கில் சேர்த்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டுங்கள். புதுச் சீட்டில் சேரச் சொல்லிப் பக்கத்துவீட்டு அக்கா வருவார். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

அடுத்தது சீசன். நீங்கள் எழுதிய கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். சீட்டு இல்லாமல் செலவு 71,500, தவணை 31,500. மாரி மாதத்தில் 2,000 மிஞ்சுகிறது. சீசன் மாதத்தில் 42,000 மிஞ்ச வேண்டும். அது எங்கே? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. திருகோணமலையில் சீசன் காசு போகும் வழி எனக்குத் தெரியும். ஹயர் காசு பொக்கெட்டில் வரும், பொக்கெட்டிலேயே போகும். இரவு வானை நிறுத்தியதும் அன்றைய ஹயர், டீசல், ஹோட்டல் பையனுக்குக் கொடுத்தது, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். வலது பக்கம் வான், இடது பக்கம் வீடு, இரண்டையும் கலக்கக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை வான் பக்கத்தில் மிஞ்சியதை வங்கியில் போட்டு, அங்கிருந்து வீட்டுக்கு எடுக்க வேண்டும்.

சீசன் 6 மாதமும் மாதம் இன்னுமொரு 6,000 கடனுக்கு. 20,000 மாரிக்கு. டயர், வான் காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், தீபாவளி உடுப்பு, தைப்பொங்கல், பிள்ளைகளின் சப்பாத்து எல்லாம் இந்தக் காசில்தான் நடக்கும். மாரியில் கடனுக்குப் போகும் 5,000இல் குறையும் 3,000மும் இதில் இருந்துதான். மிச்சம் 11,000ஐ மனசார செலவழியுங்கள். கல்யாண வீட்டுக்குக் கொடுங்கள், ஒரு ஞாயிறு எல்லோரும் கன்னியாவுக்குப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள். மூச்சுவிட இடமில்லாத வரவுசெலவுத் திட்டம் எந்த வீட்டிலும் மூன்று மாதத்துக்கு மேல் நின்றதில்லை.

மாதம் 5,000, சீசனில் மேலதிகமாக 6,000: வருடத்துக்கு 96,000. இன்றைய 1 இலட்சத்தோடு இதையும் சேர்த்தால் 12 வருடக் கடன் ஏறக்குறைய 7 வருடம் 4 மாதத்தில் முடிகிறது. மிச்சமாகும் வட்டி 9 இலட்சத்துக்கு மேல். அதில் மாமிக்கு குசினியையே புதிதாகக் கட்டலாம்.

வீட்டுக்குள் குறைக்க நான் தொடுவது இரண்டுதான். ஒன்று கரண்ட். வீட்டுப் பாவனைக் கட்டணம் 60, 90, 120, 180 அலகு என்று படிப்படியாக ஏறும். படி ஏறும்போது நிலையான கட்டணமும் ஏறும். 7,000 வருகிறது என்றால் நீங்கள் 180ஐ ஒட்டியோ கொஞ்சம் தாண்டியோ நிற்கிறீர்கள். மாத நடுவில் ஒருமுறை மீற்றரைப் பாருங்கள். அந்த மாதப் பாவனை அதற்குள் 90 அலகைத் தாண்டியிருந்தால் அடுத்த இரண்டு வாரம் ஏ.சி.யைக் கொஞ்சம் அடக்கி, உடுப்புகளை மொத்தமாக ஒரே நாளில் ஸ்திரிக்கை போடுங்கள். மற்றது போனும் டேட்டாவும். நாலு பேருக்கும் தனித்தனி டேட்டாவுக்குப் பதில் வீட்டுக்கு ஒரு வைஃபை போட்டால் எவ்வளவு என்று விசாரியுங்கள்.

சாப்பாட்டில் கை வைக்க மாட்டேன். தேங்காயைக் குறை, மீனைக் குறை என்று எழுதும் நிபுணர்கள் யார் வீட்டில் சாப்பிடுகிறார்களோ தெரியாது. கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு பிள்ளைக்கு மீன் கொடுக்காமல் கடன் அடைக்க வேண்டுமா? பாறையும் விளைமீனும் விலை ஏறிய நாளில் சாளை, கீரி வாங்குங்கள். கரைவலை இழுக்கும் நாளில் காலையில் கரைக்கே போனால் சந்தையைவிட மலிவாகவும் கிடைக்கும். ரியூசனும் இருக்கட்டும், ஒரே பாடத்துக்கு இரண்டு இடத்துக்குப் போகிறார்களா என்பதை மட்டும் பாருங்கள்.

கேள்வி: என் கணவர் சீனக்குடாவில் தனியார் வேலை, 14 வருடமாகிறது. ஊழியர் சேமலாப நிதியில் இருந்து எடுத்து வீட்டுக்கடனைக் கட்டலாம் என்கிறார்கள். எங்கள் கடன் வட்டி 11.5 வீதம். எடுக்கலாமா?
— சாம்பல்தீவு வாசகி

பதில்: 10 வருடம் சேவையும், கணக்கில் 3 இலட்சமும் இருந்தால் வீட்டுத் தேவைக்கு 30 வீதம் வரை எடுக்க வழி இருக்கிறது. எடுக்க முடிவதெல்லாம் எடுக்கவேண்டியது ஆகிவிடாது. 2023க்கு அந்த நிதி உறுப்பினருக்குக் கொடுத்த வட்டி 13 வீதம்; அதன் பிறகு குறைந்தாலும் உங்கள் கடன் வட்டியில் இருந்து வெகுதூரம் இல்லை. அங்கிருந்து உருவி இங்கே கட்டினால் பெரிய இலாபம் ஒன்றும் தெரியவில்லை. உங்கள் கணவருக்கு ஓய்வூதியமும் கிடையாது. தவணை கட்டவே முடியாமல் வீடு கைவிட்டுப் போகும் நிலை என்றால் வேறு கதை. இப்போது தொடாதீர்கள்.

கேள்வி: எங்களுடையது மாறும் வட்டி. 2022இல் தவணை ஏறியது இன்றும் நினைவிருக்கிறது. இப்போது குறைந்திருக்கிறது. இனி என்ன செய்ய வேண்டும்?
— பாலையூற்று வாசகர்

பதில்: யாருக்குத்தான் மறக்கும், தம்பி? 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை, அதாவது மற்ற வங்கிகளின் வட்டிக்கு வழிகாட்டும் தன் வட்டியை, ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. அந்த வருட முடிவில், வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடன் வட்டியே 25 வீதத்தைத் தாண்டிவிட்டது. 2023 ஜூனில் இறக்கம் தொடங்கி, 2025 மேயில் கொள்கை வட்டி 7.75க்கு வந்தது.

முதல் வேலையாக, இறக்கம் உங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். வட்டியை எந்தத் திகதியில், எதை வைத்து மாற்றுவார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். வந்திருந்தால், தாங்கக்கூடிய அளவுக்குப் பழைய தவணையையே தொடர்ந்து கட்டுங்கள். கூடுதலாகக் கட்டுவதை முதலில் கழிக்கச் சொல்லுங்கள். அந்தத் தொகைக்கு வீடு ஏற்கெனவே பழகிவிட்டது. வட்டி திரும்ப ஏறினாலும் அது ஏறுவது சிறிய முதலின் மேல்தான்.

கேள்வி: போன மாதம் கடனை முழுதாகக் கட்டி முடித்தோம். வங்கி ஒரு கடிதம் தந்தது. இதோடு சரிதானே?
— அன்புவழிபுரம் வாசகி

பதில்: வாழ்த்துகள்! ஆனால் இன்னும் கொஞ்சம் நடை இருக்கிறது. கடன் எடுத்தபோது நொத்தாரிசு முன்னிலையில் ஈட்டு முறி (வீட்டைக் கடனுக்கு ஈடாக வைக்கும் பத்திரம்) எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்திருப்பார்கள். காசு கட்டியதால் அந்தப் பதிவு தானாக அழியாது. ஈட்டை விடுவிக்கும் பத்திரத்தை வங்கியிடம் கேட்டு வாங்கி, அதையும் பதிவகத்தில் பதிய வேண்டும். மூல உறுதியைக் கையில் வாங்கும்போது ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். வரைபடமும் கூட இருக்கவேண்டும். மாதாமாதம் தவணையைக் கணக்கில் இருந்து தானாக எடுக்கச் சொல்லிக் கொடுத்த நிலையான கட்டளையை நிறுத்துங்கள். வீட்டுக்கடனோடு எடுத்த காப்புறுதியில் மீதிக் காலத்துக்குக் காசு திரும்ப வருமா என்று கேளுங்கள், நீங்கள் கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை எடுத்து, அந்தக் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.