பேருந்திலேயே தொடங்கும் வாந்தி

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. ஹொட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, தெல்லிப்பழையில் மூன்று தடவை கீமோ மருந்து ஏற்றியாகிவிட்டது. இப்போது மருந்து ஏற்றுவதற்கு முன்னரே, பேருந்தில் போகும்போதே வாந்தி எடுக்கிறான். தலைமயிர் கொட்டிய பின்னர், நோய் பார்க்க வருபவர்களைக் கண்டால் அறையைப் பூட்டிக்கொள்கிறான். மனந்தளர்ந்துவிட்டானா?
– ஒரு தாய், மானிப்பாய்

பதில்: அன்புத் தாயே, அந்த வாந்தியை மனத்தளர்ச்சி என்று நான் கருதவில்லை. முந்திய தடவைகளில் மருந்தும் குமட்டலும் சேர்ந்தே வந்ததால், போகும் வழியும் வைத்தியசாலையின் மணமும் கூட அவனுடைய உடலுக்குக் குமட்டலை நினைவூட்டுகின்றன. இளவயதினரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. 'மனதைத் திடப்படுத்து' என்று சொல்வதால் இது அடங்காது. அடுத்த மருந்துக்கு முன்னரே வைத்தியரிடம் சொல்லுங்கள். முதல் நாள் இரவிலிருந்தே கொடுக்கக்கூடிய மாத்திரைகள் உண்டு.

வேகமாகப் பெருகும் கலங்களைத் தாக்குவதே இம்மருந்துகளின் இயல்பு என்பதால், புற்றுநோயோடு மயிர்வேர்களும் வாயின் உட்தோலும் இரத்தக் கலங்களை உருவாக்கும் எலும்பு மச்சையும் பாதிக்கப்படுகின்றன. சிகிச்சை முடிந்தபின் தலைமயிர் பெரும்பாலும் மீண்டும் வளரும். ஆனால், கூடப் படித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கும் வேலைக்கும் போய்க்கொண்டிருக்கும் வயதில், உறவினர்கள் வரிசையாக வந்து தன்னைப் பார்த்துப் பரிதாபப்படுவதை அவன் ஏன் தாங்க வேண்டும்? மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாள்களுக்குள் வெண்குழியங்கள் மிகவும் குறைந்து, தொற்று எளிதில் பற்றக்கூடும் என்பதால், அவன் பூட்டிய கதவு உடலுக்கும் நல்லதே. வருபவர்களுக்கு வாசலிலேயே நீங்கள் பதில் சொல்லுங்கள். அவன் விரும்பும் நண்பன் ஒருவனை மட்டும், தடிமன் காய்ச்சல் இல்லாதபோது, உள்ளே விடுங்கள். அவனுக்கு 38 பாகை செல்சியஸ் (100.4 பரனைட்) காய்ச்சல் கண்டால், பனடோல் கொடுத்து விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம், நள்ளிரவானாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

நம் வீடுகளில் பேசக் கூசும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில கீமோ மருந்துகள் பிள்ளைப்பேற்றுத் திறனைப் பாதிக்கக்கூடும். விந்தணுக்களைச் சேமிப்பதாயின் முதல் மருந்துக்கு முன்னரே செய்வதே வழக்கம். சிகிச்சை தொடங்கிவிட்ட நிலையிலும் தனக்கான மருந்துகள் எத்தகையவை என்று கேட்டறியும் உரிமை அவனுக்கு உண்டு. தாயின் முன்னிலையில் 19 வயது மகன் அதைக் கேட்கமாட்டான். அடுத்த கிளினிக்கில் அவனை வைத்தியருடன் தனியே பேசவிட்டு, நீங்கள் பத்து நிமிடம் வெளியே அமர்ந்திருங்கள்.