வேர்நுனியிலிருந்து மருத்துவ வகுப்பறைக்கு: கேள்வி பதில்

தாவர உயிரணுக்களில் உள்ள நுண்குழல்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற நான், இப்போது சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்களுக்கு அவர்களுடைய தொடக்க ஆண்டுகளில் உயிரணுவியலும் உயிர்வேதியியலும் கற்பிக்கிறேன். இந்த மாற்றத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இயன்றவரை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஈசூனிலிருந்து ஓர் ஆசிரியர்: வணக்கம் அம்மா. மருத்துவப் பட்டம் இல்லாத ஒருவர் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதை மருத்துவர்கள் ஏற்றுக்கொள்கிறார்களா?

எதைக் கற்பிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இங்கே மூன்று மருத்துவப் பள்ளிகள் உள்ளன: 1905இல் தொடங்கிய பள்ளியின் வழிவந்த யோங் லூ லின், ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களைச் சேர்த்துக்கொள்ளும் டியூக்-என்யுஎஸ், 2013இல் முதல் அணி மாணவர்களைச் சேர்த்த லீ கொங் சியான். மூன்றிலும் மாணவர்கள் நோயாளியின் கட்டிலருகே முழுநேரமாகச் செல்லும் முன்பு அடிப்படை அறிவியலைக் கற்றாக வேண்டும். டியூக்-என்யுஎஸ்ஸில் அது ஒரே ஆண்டுக்குள் அடக்கப்பட்டிருக்கிறது. உயிர்வேதியியல், உடலியங்கியல், மருந்தியல் போன்ற பாடங்களை அறிவியலாளர்கள் நடத்துவது உலகெங்கும் நெடுங்கால வழக்கம். எனக்கு நானே போட்டுக்கொண்ட எல்லை ஒன்று உண்டு. ஒரு மருந்து உயிரணுவுக்குள் என்ன செய்கிறது என்று சொல்வேன். அதை யாருக்கு, எவ்வளவு, எப்போது கொடுப்பது என்ற கேள்வி எழுந்தால், உடன் இருந்து நடத்தும் மருத்துவரிடம் விட்டுவிடுவேன். இந்த எல்லையைத் தாண்டாதவரை எந்த மருத்துவரும் என்னை அந்நியராக நடத்தியதில்லை.

கிளமெண்டியிலிருந்து ஒரு முனைவர் பட்ட மாணவர்: தாவர ஆய்வுக்கு இங்கே எதிர்காலம் இல்லை என்பதால்தான் விலகினீர்களா?

இல்லை. டெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் உருவான டெமாசெக் அரிசி போன்ற பணிகளைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் அடுத்த மானியத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் வாழ்க்கை எனக்கு அலுத்துப்போனது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்கு வந்த இளையர்களுக்கு ஒரு சோதனையை விளக்கிச் சொல்லும் நேரம்தான் அன்றைய நாளில் நான் மிகவும் விரும்பிய நேரமாக இருந்தது என்பதே.

உட்லண்ட்ஸிலிருந்து முதலாம் ஆண்டு மருத்துவ மாணவி: தாவரங்களைப் பற்றி நீங்கள் அறிந்தது எங்கள் பாடத்தில் உண்மையிலேயே பயன்படுகிறதா, ஆசிரியை?

ஒரு பாடத்தை அப்படியே காட்டுகிறேன். செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் கோல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கீல்வாதத்தின் ஒரு வகையான கௌட் நோய்க்கு அதையே அரை மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். கண்வலிக்கிழங்கு என்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அழைக்கப்படும் அதே செடிதான். அந்தக் கிழங்கைத் தவறுதலாகத் தின்றவருக்கு முதலில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சில நாள்களில் இரத்த வெள்ளணுக்கள் சரியும். பிழைத்துக்கொண்டால் பிறகு தலைமுடி கொட்டும். குடல், எலும்பு மச்சை, மயிர்க்கால் ஆகிய மூன்றுக்கும் பொதுவாக இருப்பது என்ன என்று கேட்பேன். இடைவிடாமல் உயிரணுக்கள் பகுபடும் இடங்கள் அவை என்பதை மாணவர்கள் விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள். உயிரணு பகுபடும்போது குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் கதிர்கள் நுண்குழல்களால் ஆனவை. நுண்குழல்கள் ட்யூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. கோல்கிசின் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு குழல் நீளாதபடி தடுக்கிறது.

இதுவரை எந்த மருந்தியல் நூலிலும் இருக்கும். தாவர ஆய்வாளராகிய நான் சேர்ப்பது அடுத்த படி. விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்கவும் கோல்கிசின்தான் உதவுகிறது: நாற்றுகளின் குருத்தில் அதை விட்டுக் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கி, அந்தச் செடியைச் சாதாரணத் தர்ப்பூசணியோடு கலந்தால், அந்த விதையிலிருந்து வளரும் கொடி விதையில்லாத பழத்தைத் தரும். ஆனால் பயிர் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் கரைசலின் செறிவு 0.1 முதல் 0.5 விழுக்காடு வரை இருக்கும். மனித உயிரணுவை நிறுத்த அதில் மிகச் சிறிய பங்கே போதும். ஏன் இந்த வேறுபாடு? தாவரத்தின் ட்யூபுலின், விலங்கின் ட்யூபுலினைப் போல இறுக்கமாகக் கோல்கிசினைப் பற்றுவதில்லை. செங்காந்தள் தன் நஞ்சால் தானே சாகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே புரதம் இரண்டு உயிர்களில் சிறிதளவு மாறியிருப்பதே ஒன்றுக்கு நஞ்சாகவும் மற்றொன்றுக்குத் தீங்கற்றதாகவும் ஒரு பொருளை ஆக்குகிறது என்பது விளங்கிவிட்டால், நுண்ணுயிர்க்கொல்லிகள் கிருமியைக் கொன்று நம்மை ஏன் விட்டுவைக்கின்றன என்பதை நான் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு சிக்கலான கேள்வி. நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டினும் நுண்குழல்களையே தாக்குகிறது. அதைப் பெறும் புற்றுநோயாளிகளின் விரல்கள் மரத்துப்போகின்றன. நரம்பணு பகுபடுவதே இல்லையே, பிறகு ஏன் பாதிக்கப்படுகிறது? வகுப்பு அமைதியாகிவிடும். முதுகுத்தண்டின் அடியிலிருந்து கால்விரல்வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளும் நரம்பிழைக்குள் சரக்கு போய்வரும் தண்டவாளம் அதே நுண்குழல்தான் என்று யாராவது ஒருவர் சொல்லும்வரை நான் வாய் திறப்பதில்லை. வேர் உயிரணுவில் செல்லுலோஸ் எந்தத் திசையில் படிய வேண்டும் என்பதை நெறிப்படுத்துவதும் அவையே; நுண்குழல் என்றாலே உயிரணுப் பகுப்பு என்று நினைக்கும் பழக்கம் எனக்கு ஏற்படாததற்கு நான் வேரைப் பார்த்து வளர்ந்ததுதான் காரணம்.

பொங்கோலிலிருந்து ஒரு முதுமுனைவர் ஆய்வாளர்: புதிதாகக் கற்க வேண்டியிருந்தது மனித உடலியங்கியலா?

அது புத்தகத்தில் இருந்தது, உட்கார்ந்து படித்தேன். தேர்வுக்கு வினா எழுதுவதுதான் கடினமாக இருந்தது. ஐந்து விடைகளில் மிகப் பொருத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவில், மீதி நான்கும் அரைகுறையாகப் படித்தவருக்கு நியாயமாகத் தோன்ற வேண்டும். அதே நேரத்தில் நன்கு படித்தவரை ஏமாற்றவும் கூடாது. ஆய்வாளர்களுக்கு விதிவிலக்குகளின் மேல் தனிக் காதல் உண்டு, அதை வினாத்தாளில் காட்டக் கூடாது. குழுவழிக் கற்றல் முறையும் ஒரு சோதனைதான். மாணவர்கள் முன்கூட்டியே படித்து வந்து, தனித்தனியே விடையளித்து, பிறகு அதே வினாக்களுக்குக் குழுவாக விவாதித்து மீண்டும் விடையளிப்பார்கள். குழுக்கள் இன்னும் கருத்து வேறுபடும் இடத்தை மட்டும் ஆசிரியர் தெளிவுபடுத்தினால் போதும். விரிவுரை ஆற்றியே பழகியவருக்கு வாயைக் கட்டிக்கொண்டு நிற்பது எளிதன்று.

அவரே: ஆய்வை விட்டுக் கற்பித்தலுக்குப் போவது இறக்கம் என்று என் மேற்பார்வையாளர் சொல்கிறார்.

பலரும் சொல்வார்கள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தலை முதன்மையாகக் கொண்டவர்களுக்கெனத் தனிப் பதவிப் படிநிலையே இருக்கிறது. அதில் பதவி உயர்வும் உண்டு. சொந்தமாக ஓர் ஆய்வுக்குழு இருக்காது என்பது உண்மையான இழப்பு, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அந்த இழப்பைத் தாங்க முடியாது என்று தோன்றினால் வர வேண்டாம். வருவதென்றால், இப்போதே துறையின் பயிற்சி வகுப்புகளை நடத்தக் கேட்டு வாங்குங்கள். நடத்திய பாடம், எழுதிய வினா, மாணவர் கருத்து ஆகியவற்றைத் தொகுத்து வையுங்கள். நேர்காணலில் கட்டுரைப் பட்டியலைவிட அதைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள்.

தெம்பனிசிலிருந்து ஒரு தாயார்: மகள் தொடக்கக் கல்லூரியில் படிக்கிறாள். செடிகொடிகளில் ஆர்வம், ஆனால் டாக்டராகவும் ஆசை. எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது?

நோயாளிகளோடு நாள் முழுதும் பேசிக்கொண்டிருக்க விருப்பமா என்று அவளிடம் கேளுங்கள், அம்மா. ஆம் என்றால் மருத்துவம்; செடிகளைப் பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவில் சனிக்கிழமை காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

தேக்காவில் கடை வைத்திருக்கும் ஒருவர்: நித்தியகல்யாணிப் பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சர்க்கரை குறையும் என்கிறார்களே, நீங்கள் தாவரம் படித்தவர், சொல்லுங்கள்.

குடிக்காதீர்கள் ஐயா. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகிய இருவரும் இதே நம்பிக்கையைச் சோதிக்கத்தான் ஜமைக்காவிலிருந்து வந்த இந்தச் செடியின் இலையை ஆராய்ந்தார்கள். எலிகளின் இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை; வெள்ளணுக்கள் குறைந்தன. அதைப் பின்தொடர்ந்துதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. உங்கள் கோப்பையில் அந்தப் பொருள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தால், நிறுத்திவிட்டு, அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே அதைச் சொல்லிவிடுங்கள்.