ஆபரேஷனுக்குப் பிறகு வலி குறையவில்லை என்றால் கூடவே டோலோ கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு (62) ஹெர்னியா ஆபரேஷன் ஆகி மூன்றாம் நாள். ஸீரோடால் பி காலையும் இரவும், வலித்தால் அல்ட்ராசெட் என்று எழுதியிருக்கிறார்கள். வலி முழுசாக அடங்கவில்லை. வீட்டிலிருக்கும் டோலோ 650 சேர்த்துக் கொடுக்கலாமா?

டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அட்டையில் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தால் காரணம் புரியும். ஸீரோடால் பி என்பது அசெக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325. அல்ட்ராசெட் என்பது டிரமடால் 37.5, மறுபடியும் பாராசிட்டமால் 325. டோலோ முழுக்கப் பாராசிட்டமால், 650. இப்போது கூட்டுங்கள்: ஸீரோடால் இரண்டு (650), அல்ட்ராசெட் நாலு (1300), டோலோ நாலு (2600). மொத்தம் 4550 மி.கி. திடமான பெரியவருக்கே 24 மணி நேரத்துக்கு 4000தான் உச்சம். எடை 50 கிலோவுக்குக் கீழே, கல்லீரல் கோளாறு, தினமும் குடி என்றால் அதுவும் கூடாது. அளவு மீறினால் கல்லீரல் கெடும். முதல் நாள் வெளியே ஒன்றும் தெரியாது, அதுதான் வம்பே.

மெடிக்கலில் அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை கொடுத்தால் பெயர் இருக்கிற பக்கம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். முழு அட்டையாகக் கேளுங்கள், அல்லது கவரில் எழுதி வாங்குங்கள்.

பல வீடுகளில் குறைவது மாத்திரை அல்ல, நேரம். ‘வலித்தால்’ என்பதை ‘தாங்கவே முடியாதபோது’ என்று எடுத்துக்கொண்டு உச்சத்தில் போட்டால் மருந்து பிடிக்க ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை அவஸ்தைதான். குளிக்க, நடக்க எழுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுக்கலாமா, நாளைக்கு எத்தனை வரை என்று டாக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இருமல் வந்தால் தையல் மேல் தலையணையை வைத்து அமுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மாத்திரை செய்யாததை இது செய்யும்.

டிரமடால் மலத்தைக் கட்டும். ஹெர்னியா தையலோடு முக்குவது நல்லதல்ல, ஆகவே மலமிளக்கி சிரப் வேண்டுமா என்று இன்றே கேளுங்கள். தூக்க மாத்திரையோ மதுவோ கூடவே ஆகாது, மூச்சு மந்தமாகும். எழுப்பினாலும் எழாமல் மூச்சு மெதுவாக வந்தால் உடனே 108. முன்பு வலிப்பு வந்திருந்தாலோ, எஸ்சிடலோபிராம் மாதிரி மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

அசெக்ளோஃபெனாக்கை வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். பிரஷருக்கு டெல்மிசார்டானும் நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால் இது கிட்னியைப் பாதிக்கலாம். சிறுநீர் குறைந்தாலோ மலம் கறுப்பாகப் போனாலோ அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று: பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்கும். மாத்திரை கொடுக்கும் முன் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், அப்படியே தையலையும் பாருங்கள். காய்ச்சலோ, சிவந்து வீங்கிச் சீழோ, நாளுக்கு நாள் ஏறும் வலியோ இருந்தால் அன்றே சர்ஜனிடம் காட்டுங்கள்.